பழைய வண்டியும் டீசல் இயந்திரமும்

மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே வாவியை அணைந்து கிடக்கும் ஏறாவூரில், பெரும்போக விதைப்புக்கு முந்திய நாள்களில் வழக்கமாகக் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. விதைநெல் மூடைகளையும் உரப்பைகளையும் வாடிக்கு வேண்டிய அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் முதலியவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் மேற்கு நோக்கிப் புறப்படுகின்றன. செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பும் வரையில் பாதை செம்மையானது. அதற்கப்பால் வயல்வெளிக்குள் இறங்கினால், வீதி என்பது வண்டிச் சுவடு மட்டுமே. மழை பெய்தால் அச்சுவடும் மறைந்து சேறாகிவிடும். புதிய கார்கள் எட்டிப் பார்க்கவும் அஞ்சும் அவ்வட்டைகளுக்குள் நாற்பது, ஐம்பது ஆண்டு கண்ட பழைய ஜீப்பும் லாண்ட் றோவரும் இன்றும் சென்று மீளுகின்றன.

இத்தகைய வண்டியை உடைய ஒருவரை அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி ஒன்றுண்டு. வண்டியின் உடல் நன்றாக இருக்கிறது. பெற்றோல் இயந்திரமோ தேய்ந்துவிட்டது. எரிபொருளையும் மிகுதியாகக் குடிக்கிறது. அதனைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் இயந்திரத்தைப் பொருத்தலாமா? பொருத்தினால் இலாபம் உண்டா? அபாயம் உண்டா? வினா சிறியது போலத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும், அவ்வண்டியில் ஏறிச் செல்வோரின் உயிரும் அதன் விடையைச் சார்ந்துள்ளன.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. ஜீப் இரண்டாம் உலகப் போரின் குழந்தை. 1941 முதல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் 2.2 லீற்றர் கொள்ளளவும் 60 குதிரைவலுவும் உடைய பெற்றோல் இயந்திரம் இருந்தது. போர் முடிந்தபின் அதனைக் கண்டு எழுந்த எண்ணமே லாண்ட் றோவர். இங்கிலாந்தின் றோவர் நிறுவனம் 1948 ஏப்ரலில் அதனை அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் வைத்தது. போருக்குப் பின் உருக்குக் கிடைப்பது அரிதாயிருந்தமையால், வண்டியின் மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். வறுமையிற் பிறந்த அந்த ஏற்பாடு உப்புக்காற்று வீசும் வாவிக்கரைகளுக்குப் பேருதவியாயிற்று. அலுமினியத்தை உருக்கைப் போலத் துரு தின்பதில்லை. ஆயினும் அதன் அடிச்சட்டம் உருக்காலானதே. ஆதலால், பளபளக்கும் மேலுடலைக் கண்டு மயங்கி, அடியில் அரித்துப்போன சட்டத்தை ஆராயாது விடுவோர் பின்னர் வருந்த நேரிடும்.

லாண்ட் றோவரைச் செய்தவர்களே டீசலின் நன்மையை உணர்ந்து, 1957இல் 2 லீற்றர் டீசல் இயந்திரத்தையும், 1961இல் 2.25 லீற்றர் டீசல் இயந்திரத்தையும் வழங்கலாயினர். எனினும் பெற்றோல் வண்டிகளே பல நாடுகளிலும் பெருந்தொகையாக ஓடின. அவ்வண்டிகளின் பிற்காலச் சந்ததியாரே இன்று மேற்கூறிய வினாவை எழுப்புகின்றனர்.

இலங்கையிலே இவ்வினாவுக்குத் தனி வலிமை அளித்த நிகழ்ச்சிகள் இரண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், பழையதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. மற்றையது 2022இன் எரிபொருள் நெருக்கடி. எரிபொருள் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை நின்றதும், பின்னர் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து வழங்கப்பட்டதும் எவருக்கும் மறந்திருக்கமாட்டா. ஒவ்வொரு லீற்றரும் எத்தனை கிலோமீற்றர் கொண்டு செல்லும் என்று கணக்கிடும் வழக்கத்தை அந்நாள்கள் கற்பித்தன.

டீசல் இயந்திரம் ஏன் குறைவாகக் குடிக்கிறது? பெற்றோல் இயந்திரம், எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உருளைக்குள் இழுத்து, அமுக்கி, மின்பொறியாற் கொளுத்துகிறது. கலவையை மிகுதியாக அமுக்கினால் அது பொறிக்கு முன்னரே தானாக வெடித்துவிடும். ஆதலால் அமுக்கத்துக்கு எல்லை உண்டு. பழைய லாண்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் இயந்திரத்தில் அமுக்க விகிதம் ஏழு அல்லது எட்டுக்கு ஒன்று. டீசல் இயந்திரமோ வெறுங்காற்றை மட்டும் இழுக்கிறது. அதே வண்டிக்கு வந்த டீசல் இயந்திரத்தில் அக்காற்று இருபத்து மூன்றில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை யாவரும் அறிவர். அதே விதியின்படி, நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைகிறது. அந்த வேளையில் டீசல் நுண்துளிகளாகப் பீச்சப்பட, பொறியின் உதவியின்றியே அது பற்றிக்கொள்கிறது. இம்முறையை வகுத்த ருடோல்ப் டீசல் 1893இல் உரிமம் பெற்று, 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரம், எரிபொருளின் வெப்பத்தில் நான்கிலொரு பங்குக்குச் சற்று அதிகமானதை வேலையாக மாற்றியது. மிகுந்த அமுக்கமும், தேவைக்கு மட்டும் எரிபொருளை அளந்து பீச்சும் முறையுமே டீசலின் சிக்கனத்துக்குக் காரணங்கள்.

இங்கே பலரிடமுள்ள ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். டீசல் என்றாலே வலிமை மிக்கது என்பர். ஒரே கொள்ளளவுடைய இரு இயந்திரங்களை ஒப்பிட்டால் உண்மை வேறாகும். லாண்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் இயந்திரம் ஏறத்தாழ 70 குதிரைவலுவைத் தந்தது; அதே அளவான டீசல் 60ஐச் சற்றே கடந்தது. ஆனால் டீசல் தன் முழு இழுவையை நிமிடத்துக்கு 1800 சுழற்சியிலேயே காட்டியது. பெற்றோலுக்கு 2500 சுழற்சி வேண்டியிருந்தது. சேற்றிலே சில்லு புதையும்போது வேண்டியது வேகமன்று, மெல்லச் சுழன்றும் விடாது இழுக்கும் ஆற்றலே. வட்டைக்குப் போகும் வண்டிக்கு டீசல் பொருந்துவது இதனாலேயே. இன்று மாற்றிப் பொருத்துவோர் பெரும்பாலும் 2.4 முதல் 2.8 லீற்றர் வரையிலான டீசல்களைத் தெரிந்து கொள்வதனால், சிறிய இயந்திரத்தின் குறையும் நீங்குகிறது.

பெற்றோல் வண்டிக்கு டீசல் பொருத்தும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் 1932இல் பிராங்க் பெர்க்கின்ஸ் தொடங்கிய தொழிற்சாலை, பெற்றோல் லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் மாற்றிப் பொருத்தத்தக்க இலகுவான டீசல் இயந்திரங்களாலேயே பெயர் பெற்றது. சென்னையின் சிம்சன் நிறுவனம் அவ்வியந்திரங்களை இந்தியாவிற் செய்தது. வில்லிஸ் ஜீப்பை இந்தியாவிற் பொருத்தி விற்கத் தொடங்கிய மகிந்திரா நிறுவனமும் காலப்போக்கில் டீசலுக்கு மாறி, 1980களில் பிரான்சின் பியூஜோ வடிவமைத்த 2.1 லீற்றர் டீசலைத் தன் ஜீப்புகளில் வைத்தது. தொழிற்சாலைகள் பெரிய அளவிற் செய்ததையே சிற்றூர்க் கராச்சுகள் ஒவ்வொன்றாகச் செய்கின்றன. ஆனால் தொழிற்சாலையில் பொறியியலாளர் பலர் கூடி ஆராய்ந்த விடயங்களை, கராச்சில் ஒரே பாஸ் தம் அனுபவத்தால் தீர்மானிக்க வேண்டியுள்ளது. ஆகையால் வண்டியின் உரிமையாளரும் சிலவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

இலங்கையில் இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுவன ஜப்பானிய இயந்திரங்கள். இசுசுவின் 2.8 லீற்றர், நிசானின் 2.7 லீற்றர், ரொயோட்டாவின் 2.4 லீற்றர் ஆகியவை வான்களிலும் சிறு லொறிகளிலும் ஓடியவை. பாகங்கள் எளிதிற் கிடைப்பவை. கொழும்பின் பஞ்சிகாவத்தை முதலிய இடங்களில், பாவித்த இயந்திரங்கள் கியர்ப் பெட்டியுடனோ தனித்தோ விற்கப்படுகின்றன. வாங்குமுன் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். உருளைகளின் அமுக்கத்தை அளவுமானியால் அளத்தல் வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து, அதன் வழியே புகை பலமாக வெளிவருகின்றதா என்று நோக்குதல் வேண்டும். வெளிப்பூச்சுப் புதிதாயிருப்பது சான்றன்று.

இனிப் பொருத்தும் வேலை. முதலாவது இடமும் பாரமும். டீசல் இயந்திரம் உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கவேண்டியிருத்தலின் கனமாகச் செய்யப்படுகிறது. முன்பாரம் கூடினால் முன்வில்கள் தாழும். அடிச்சட்டத்தில் இயந்திரத் தாங்கிகளை ஒட்டுமுன், அவ்விடத்தில் உருக்கு நல்லதாயிருக்கிறதா என்று சுத்தியலாற் தட்டிப் பார்த்தல் வேண்டும். துருப்பிடித்த சட்டத்தில் புதிய தாங்கியை ஒட்டுவது, உளுத்த வளையில் ஊஞ்சல் கட்டுவது போலாம். இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி, பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது முன்னச்சில் இடிக்காதபடி போதிய வெளி விடுதலும் முக்கியம். தரையில் நிற்கும்போது உள்ள வெளி போதாது. வில் முழுவதும் அமுங்கிய நிலையில் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் இணைத்தல். வேறு வேறு நிறுவனங்களின் பாகங்களாதலால் இடையே ஒரு தகடு கடைந்து வைக்கப்படுகிறது. இயந்திரத்தின் சுழலச்சும் கியர்ப் பெட்டியின் உள்ளச்சும் ஒரே நேர்கோட்டில் அமைதல் இன்றியமையாதது. கண்ணுக்குத் தெரியாத சிறு விலகலும் கிளச்சையும் தாங்கிகளையும் சில மாதங்களில் தின்றுவிடும். ஆதலால் இந்தத் தகட்டை நல்ல கடைசல் பட்டறையில், அளவுமானி வைத்துச் செய்வித்தல் வேண்டும். செலவைக் குறைக்கத்தக்க இடம் இதுவன்று. மேலும், பழைய கியர்ப் பெட்டி மத்தளம் போன்றது. ஒருபுறம் இயந்திரமும் மறுபுறம் சேற்றிற் புதைந்த சில்லுகளும் அதனை இடிக்கின்றன. முன்னிருந்ததைவிட மிகப் பெரிய இயந்திரத்தை வைத்தால் பற்சில்லுகள் உடையும், அச்சுத்தண்டுகள் முறியும். விரலுக்கேற்ற வீக்கமே நன்று.

மூன்றாவது, குளிர்ச்சியும் மின்சாரமும் எரிபொருட் குழாய்களும். பழைய ரேடியேற்றர் புதிய இயந்திரத்துக்குப் போதாமற் போகலாம். பாரம் ஏற்றிய வண்டி சிறுபோக வெயிலில் மெல்ல ஊரும்போது காற்றோட்டம் குறைவு. அப்போதுதான் நீர் கொதிக்கும். டீசலை இயக்கத் தொடங்குவதற்குப் பலமான பற்றரியும் தடித்த கம்பிகளும் வேண்டும். போர்க்கால ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ற்று; பழைய லாண்ட் றோவர்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்கால ஜப்பானிய இயந்திரங்களுக்கு எதிர்முனையே உடலோடு இணைய வேண்டும். இதனைக் கவனியாது இணைத்தால் மின்னாக்கி ஒரு நொடியிற் கருகும். டீசலில் நீர் கலந்தால் பீச்சும் பம்பி பழுதாகும். ஆதலால் நீர் பிரிக்கும் வடிகட்டியும், மிஞ்சிய டீசல் தாங்கிக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். பழைய பெற்றோல் தாங்கியை வெட்டி ஒட்டுவோர் ஒன்றை மறத்தலாகாது: வெறுமையாகத் தோன்றும் தாங்கியில் நிறைந்திருக்கும் பெற்றோல் ஆவி, தீப்பொறி பட்டால் குண்டுபோல் வெடிக்கும். அதனை முற்றாகக் கழுவி ஆவி நீக்காமல் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது.

நான்காவதாகச் சொல்லப்படுவதே எல்லாவற்றிலும் தலையாயது. அது பிரேக். பெற்றோல் இயந்திரம் காற்றை ஒரு சிறு கதவின் ஊடாக உறிஞ்சுகிறது. ஓட்டுபவர் காலை எடுத்ததும் கதவு மூடிக்கொள்ள, உட்குழாயில் வெற்றிடம் தோன்றுகிறது. பிரேக்கை மிதிக்கும் காலுக்கு உதவிசெய்யும் கருவி பல வண்டிகளில் அவ்வெற்றிடத்தாலேயே இயங்குகிறது. டீசல் இயந்திரத்தில் பொதுவாக அத்தகைய கதவில்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை. அதற்கெனத் தனியான வெற்றிடப் பம்பி வேண்டும். ஜப்பானிய டீசல்கள் பலவற்றில் இது மின்னாக்கியின் பின்புறத்திலேயே அமைந்திருக்கிறது. இயந்திரத்தை மாற்றுபவர், பொருந்தவில்லை என்று மின்னாக்கியை வேறொன்றாக மாற்றினால், பம்பியும் அதனோடு போய்விடும். வண்டி ஓடும், ஆனால் நிறுத்த முயலும்போது மிதி கல்லாக இறுகி நிற்கும். பட்டறை முற்றத்தில் மெல்ல ஓட்டிப் பார்க்கையில் தெரியாத இக்குறை, திருகோணமலை வீதியில் பள்ளிப்பிள்ளைகள் கடக்கும் இடத்திலே தெரியவரலாம்.

வேகத்தைப் பற்றியும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். பழைய லாண்ட் றோவரின் அச்சுப் பற்சில்லு விகிதம் 4.7. உயர்ந்த கியரில், இயந்திரம் நிமிடத்துக்கு 2500 முறை சுழலும்போது வண்டி மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீற்றர் ஓடும். டீசல் இயந்திரத்தைப் பெற்றோல் இயந்திரம்போல் விரைந்து சுழற்றுதல் நன்றன்று. ஆதலால் வீதியில் வண்டி மெதுவாயிருக்கிறது என்று எண்ணி, 3.54 விகிதமுடைய வேறு பற்சில்லுகளைச் சிலர் வைக்கின்றனர். அப்போது அதே சுழற்சியில் வேகம் 84 கிலோமீற்றர் ஆகும். இயந்திரத்துக்கு இது சுகந்தான். ஆனால் அவ்வண்டியின் பிரேக், அதனைச் செய்த நாளில் இருந்த வேகத்துக்கு அமைந்தது. வேகம் ஒன்றே கால் மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். ஒன்றே மூன்றிலொரு பங்கு கூடினால் ஏறத்தாழ இருமடங்கை நெருங்கும். ஓடும் வலுவைக் கூட்டுபவர் நிற்கும் வலுவையும் கூட்டுதல் வேண்டும். முடியாதெனில் பழைய வேகத்தோடு அமைதல் வேண்டும்.

வெள்ளத்தில் ஓட்டுவோருக்கும் ஒரு சொல். டீசலுக்கு மின்பொறி இல்லையாதலால், ஈரம் பட்டு அணையும் தொல்லை இல்லை. 2011 தை மாத வெள்ளத்தைப்போல் நீர் பரந்து நிற்கும் காலத்தில் இது பெரும் நன்மை. எனினும் காற்றை இழுக்கும் வாய் நீருக்குள் அமிழ்ந்தால், உருளைக்குள் புகுந்த நீர் அமுங்காது. டீசலில் அமுக்கும் இடம் மிகச் சிறிதாதலால், சிறிதளவு நீரே இணைப்புத் தண்டை வளைத்து இயந்திரத்தை முடித்துவிடும். காற்றுக்குழாயை உயர்த்தி வைப்பது இதற்காகவே. ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற முதுமொழி சில்லுக்கும் பொருந்தும்.

இனி இலாபக் கணக்கு. பழைய பெற்றோல் வண்டி லீற்றருக்கு 6 கிலோமீற்றரும், மாற்றிய பின் டீசலில் 10 கிலோமீற்றரும் ஓடுகிறது எனக் கொள்க. மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்குப் பெற்றோல் 100 லீற்றர் வேண்டும். டீசல் 60 லீற்றர் போதும். மிச்சம் மாதத்துக்கு 40 லீற்றர், ஆண்டுக்கு 480. இரண்டின் விலையும் ஒன்றெனவும், மாற்றும் செலவு 2000 லீற்றரின் விலை எனவும் கொண்டால், நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக அப்பணம் திரும்பும். மாதம் 150 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கோ ஆண்டில் மிஞ்சுவது 120 லீற்றரே. செலவு திரும்ப ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் அடிச்சட்டமும் பிழைத்திருக்க வேண்டும். டீசல் மலிவாயின் காலம் குறையும். விலை வேற்றுமை ஒடுங்கினால் நீளும். ஆகவே அண்டை வீட்டாருக்கு இலாபமானது தமக்கும் இலாபமாகும் என்று எண்ணலாகாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கு, உள்ள பெற்றோல் இயந்திரத்தையே செப்பனிடுவது பல வேளைகளில் அறிவுடைமையாகும்.

சட்டமும் மறக்கத்தக்கதன்று. இலங்கையில் மோட்டார் வாகனங்கள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படுகின்றன. பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண்ணோடு இயந்திர எண்ணும் எரிபொருள் வகையும் குறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தை மாற்றியபின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்துவித்தல் உரிமையாளரின் கடமை. அதற்கு இயந்திரம் முறையாக வாங்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டு வேண்டும். சீட்டில்லாத மலிவான இயந்திரம் முடிவிற் பெருவிலை கேட்கும். சான்றிதழிலுள்ள எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் வேறாயிருந்தால், விபத்து நேர்ந்த நாளிலே காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதற் கேள்விக்கே விடையிராது. வண்டியை விற்க முயலும்போதும் அதே தடை எழும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுமுன் நடக்கும் புகைச் சோதனையில், தேய்ந்த டீசல் இயந்திரத்தின் கரும்புகை மறையாது.

ஏறாவூரிலும் செங்கலடியிலும் வயற்செய்கைக்காரருக்கு டீசல் புதியதன்று. தண்ணீர்ப் பம்பியிலும் கையுழவு இயந்திரத்திலும் அவர்கள் அதனோடு நாள்தோறும் பழகுகின்றனர். அதன் காற்றை வெளியேற்றவும், வடிகட்டியைக் கழுவவும், எண்ணெய் மாற்றவும் சிறுவரும் அறிவர். இப்பழக்கம் பெரிய முதல். பழையதை எறிந்துவிடாமல் பயன்படச் செய்வதும் போற்றத்தக்க பண்பே. ஆயினும் பம்பி பழுதானால் வாய்க்கால் வற்றும். வண்டி பழுதானால் உயிர் போகும். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே இயந்திரத்தை விலைபேசுமுன் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க. மாதத்தில் ஓடும் தூரத்தை ஒரு தாளில் எழுதிப் பார்க்க. பட்டறையாரிடம் முதலில் வேகத்தைப் பற்றியன்றி, பிரேக்கைப் பற்றிக் கேட்க. இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தால், அந்தப் பழைய வண்டி இன்னும் பல பெரும்போகங்களுக்கு விதைநெல் சுமக்கும். கிடையாதாயின் அதனை இருந்தபடியே விட்டு, மெல்ல ஓட்டுவதே மேல். விதைநெல்லை இறக்கிவிட்டு அந்தியில் வீடு திரும்பும் வண்டியில் ஏறி வருவோர், அவ்வீட்டின் மக்களேயல்லரோ?